குதிரைக்கு நடை பழக்குதல்

குதிரைக்கு ஓடவும் தாண்டவும் எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. பிறந்த சில மணி நேரத்திலேயே குட்டி தாயின் பின்னே ஓடத் தொடங்கிவிடும். ஆயின், மனிதனொருவன் முதுகில் ஏறியமர்ந்ததும் நிலைமை மாறிவிடுகின்றது. இயல்பாகவே குதிரையின் பாரத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பங்கு முன்னங்கால்களிலேயே தங்கும். ஏறியவனது பாரமும் அங்கேயே சேர்ந்தால் அக்கால்கள் நாளடைவிற் பழுதுறும், முதுகும் விறைத்துவிடும். பாரத்தைச் சிறிது சிறிதாகப் பின்னங்கால்களுக்கு மாற்றுவதே பயிற்சியின் உட்பொருள். அரங்கிற் காணும் அழகெல்லாம் அதன்பின் வருவது.

இதற்கு உதவும் கருவியோ மிக எளியது. நாலு அல்லது நாலரை அடிக்கு ஒன்றாகச் சில மரக்கழிகளை நிலத்தில் வரிசையாக இடுவார்கள். குதிரை அவற்றை மெல்லோட்டமாகக் கடக்க வேண்டும். கழியைப் பார்ப்பதற்காக அது கழுத்தைத் தாழ்த்தும். கழுத்துத் தாழவே முதுகு எழும். தட்டாதிருக்கும்பொருட்டுக் கால்களை நன்றாக மடித்து உயர்த்தும். சவுக்கினால் ஆகாத வேலை கழியினால் ஆகிவிடுகின்றது! இடைவெளி மட்டும் அந்தந்தக் குதிரையின் அடிக்கு இசைந்திருத்தல் வேண்டும். பிசகினால் குதிரை தடுமாறி அச்சத்தையே கற்றுக்கொள்ளும். பழகியபின் வரிசையின் முடிவில் ஒரு சிறு தடையை வைப்பார்கள். எவ்விடத்திற் காலூன்றி எழ வேண்டும் என்பதைக் குதிரை தானே கண்டுகொள்ளும்.

தாண்டும்போது ஏறியிருப்பவர் பின்னே சாய்ந்து வாரை இழுப்பதே முன்னாளில் வழக்கமாயிருந்தது. பாவம், வாயில் இரும்பும் இடுப்பிற் பாரமுமாக அப்பிராணி எவ்வாறு தாண்டும்? முன்னே சாய்ந்து, குதிரையின் கழுத்து நீள்வதற்கேற்பக் கைகளையும் விட்டுக்கொடுக்கும் முறையை வகுத்தவர் இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி கப்ரில்லி (1868–1907).

நடையழகுக்கு வேறொரு பயிற்சி உண்டு. சுவரோரமாகச் செல்லும் குதிரையின் தோளைச் சற்றே உட்புறம் திருப்பி நடத்துவார்கள். அப்போது உட்பக்கப் பின்னங்கால் வயிற்றின் கீழே நெடுக வந்து பாரத்தைத் தாங்கும். இதனைத் தெளிவாக வகுத்தவர் 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஆசான் கெரினியேர். வியன்னாவில் 1735இற் கட்டி முடிந்த சவாரி மண்டபத்தில் இன்றும் அவர் முறையே நடைபெறுகின்றது. அங்கே காலைப் பயிற்சியைக் கண்டபோது, வெண்குதிரைகளின் வித்தைகளைவிட நமது மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. குதிரை ஒன்றைச் செவ்வனே செய்ததும் வீரர் வாரைத் தளர்த்தி, அங்கியின் பின்புறப் பையிலிருந்து சர்க்கரைக் கட்டியொன்றை எடுத்துக் கொடுத்தார். அக்குதிரைகள் முழு வித்தையும் கற்க ஆறாண்டுகள் வரையிற் செல்லும். அவசரக்காரருக்கு அங்கே வேலையில்லை.

டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டல் என்னும் மாதை 1944இல் இளம்பிள்ளைவாதம் பற்றியது. முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்தன. பிறர் உதவியின்றிச் சேணத்தில் ஏறவும் இயலாது. காலால் அழுத்திக் கட்டளையிடல் எங்ஙனம்? உடற்பாரத்தின் சிறு அசைவையும் உணர்ந்து நடக்க அவரது குதிரை ஜூபிலி பழகிற்று. ஒலிம்பிக் நடையழகுப் போட்டி பெண்களுக்கு முதன்முதலாகத் திறக்கப்பட்ட 1952இல், ஹெல்சிங்கியில் அவர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1956இல் ஸ்டொக்ஹோமிலும் அதே குதிரை, அதே பதக்கம்.