கயிற்றுக்கு அந்தப் பக்கம்

மீன்பிடித் தடைக்காலம் பிறந்துவிட்டால் எங்கள் கடலோர ஊர் ஜெகதாப்பட்டினத்தில் பேச்சுச் சத்தம் கூடிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு எதுவும் கடலுக்குள் இறங்கக் கூடாது. நான் ஊரில் இருந்தபோது அது 45 நாளாக இருந்தது, 2017இல்தான் நீட்டினார்கள். மற்ற மாதங்களில் எங்கள் ஊர் ஆம்பளைகளைக் கண்ணில் பார்ப்பதே அரிது. ஒரு நாள் கடலில், மறுநாள் தூக்கத்தில். தடைக்காலத்தில்தான் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவதும் வர்ணம் பூசுவதும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வலை பின்னுவதுமாக எல்லாரும் எதிரிலேயே இருப்பார்கள். கையில் காசு புழங்காது. இருந்தாலும் கல்யாணம், காதுகுத்து, அம்மன் கோயில் திருவிழா எல்லாம் அந்த நாட்களில்தான் வரும். தெருவுக்குத் தெரு சிரிப்புச் சத்தம் கேட்டபடி இருக்கும்.

நான் வாக்கப்பட்டு வந்தது திருப்பூருக்கு. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தச் சிரிப்பு மட்டும் இல்லை.

எங்கள் பக்கம் கேலிக்கு முறை உண்டு. மாமன் மகன், அயித்தை மகன், அக்காள் புருஷன், மதினியின் தம்பி, இவர்களோடு வாயாடலாம். அண்ணன் தம்பி முறையாகிறவர்களோடு கூடாது. முறையுள்ளவன் கேலி செய்தால் கோபித்துக்கொள்ளக் கூடாது. திருப்பிக் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். உலகத்தில் பல இனக்குழுக்களில் இப்படிக் கேலிக்கென்றே ஒதுக்கிய உறவுகள் இருப்பதை மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940இல் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். எங்களுக்கு அது படித்துத் தெரிந்ததில்லை. மீன் தரம் பிரிக்கிற இடத்தில் பார்த்துப் பார்த்துப் பழகியது.

எனக்கு அக்கா முறையான என் சின்னம்மா மகள் ஒரு நாள் காலையில் கூடையைக் கவிழ்த்துக் காரலையும் நண்டையும் பிரித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பத்துப் பெண்கள். அவளுடைய அயித்தை மகன் பளபளக்கிற புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

“என்ன மாமன் மகளே, காரலுக்கு முள்ளு எடுக்கிற மாதிரி என்னைய உத்து உத்துப் பாக்குற?”

அக்கா தலையைத் தூக்கவில்லை. “முள்ளு இருந்தாத்தானே எடுக்க? செதிலு மட்டுந்தான் மச்சான் மின்னுது.”

பத்துப் பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் அவர்களைவிட அதிகமாகச் சிரித்தான். ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு கை அள்ளி, அவள் கேட்காமலே கூடைக்குள் போட்டுவிட்டுப் போனான். மறு வருஷம் அவர்களுக்குக் கல்யாணம். எப்படி அவரைப் பிடித்தது என்று நான் பிறகு கேட்டபோது அக்கா சொன்னது: “திருப்பிச் சொன்னப்ப மொகம் சுண்டாம சிரிச்சுச்சு பாரு, அப்பவே எனக்குப் புடிச்சுப்போச்சு.”

நான் யோசித்துப் பார்த்த வரையில் விஷயம் இதில்தான் இருக்கிறது. சிரிக்க வைக்கிற ஆம்பளையைப் பெண்களுக்குப் பிடிக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஒரு பெண் தன் வாயால் பத்துப் பேரைச் சிரிக்க வைக்கும்போது, அந்தச் சிரிப்புக்கு ஆளானவன் தானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறானா என்பதை யாரும் கேட்பதில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் அதைத்தான் கவனித்தார்கள். நாளைக்கு ஒரே வீட்டில் இருக்கப்போகிறவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு அதைவிட்டால் வேறு வழி இருந்ததில்லை.

திருவிழாவுக்கு நாடகம் வைப்பார்கள். பெரும்பாலும் வள்ளி திருமணம். அதை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922இலேயே காலமாகிவிட்டார். அவர் எழுதியதை எங்கள் பக்கத்து ஊர்கள் இன்னும் விடவில்லை. புதுக்கோட்டையில் நாடக நடிகர்களுக்குச் சங்கமே உண்டு. இதை ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், ஆர்மோனியம் இன்னொரு ஊர். ஒத்திகை எதுவும் கிடையாது. அன்று ராத்திரி மேடையில்தான் சந்திப்பார்கள். பத்து மணிக்குத் தொடங்கினால் விடிய விடிய நடக்கும்.

கதைக்கு முன்னால் பபூன் வருவார். அப்புறம் டான்ஸ் ஆடுகிற பெண். இரண்டு பேருக்கும் நடக்கிற வாய்ச்சண்டைக்காகவே கோட்டைப்பட்டினத்திலிருந்தும் மணமேல்குடியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அவர் ஒன்று சொல்ல, அந்தப் பெண் ஒன்பது சொல்வாள். அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் இந்தக் கலைஞர்களோடு பழகி, 2005இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். மேடையில் ஆம்பளையோடு சரிக்குச் சரி பேசுகிற பெண்ணை ஊர் ரசிக்கும், விடிந்ததும் கீழாகப் பார்க்கும். அந்த இழிவை அவர்கள் எப்படிச் சுமக்கிறார்கள் என்பதை அதில் சொல்லியிருக்கிறார். எனக்கு இது இப்போதும் வலிக்கிறது. கீழே உட்கார்ந்திருந்த எங்களுக்கு எதிர்ப்பேச்சு சொல்லிக்கொடுத்தவர்கள் அந்த நடிகைகள்தான். அவர்கள் பேசியதில் பாதியை மறுநாள் நாங்கள் மீன் கூடைக்கு முன்னால் பேசினோம்.

பந்தலில் நடுவே ஒரு கயிறு கட்டியிருக்கும். இந்தப் பக்கம் பாய் விரித்துப் பெண்கள், அந்தப் பக்கம் மணலில் ஆண்கள். பபூன் ஒரு பேச்சுப் பேசியதும் ஊரே சிரிக்கும். சிரித்துக்கொண்டே கழுத்தைத் திருப்பினால், கயிற்றுக்கு அந்தப் பக்கம் அதே சிரிப்போடு ஒரு முகம் திரும்பும். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது. ஆனால் எனக்குச் சிரிப்பு வந்த அதே இடத்தில் அவனுக்கும் வந்தது என்பது தெரிந்துவிடும். மற்றவர்கள் எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகும் யார் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தது, யாருக்கு ஒரு கணம் தாமதமாகப் புரிந்தது, பெண் ஜெயித்த பேச்சுக்கு எவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், எல்லாம் எங்களுக்குத் தெரியும்.

கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். முன்பின் தெரியாத 51 ஜோடிகளைத் தனியே பேசவிட்டுப் பார்த்திருக்கிறார். ஒருவர் தமாஷ் செய்து மற்றவர் சிரிப்பதைவிட, இருவரும் சேர்ந்து சிரிப்பதுதான் ஒருவர்மேல் ஒருவருக்கு ஏற்படும் நாட்டத்துக்குத் தெளிவான அடையாளம் என்கிறார். படித்ததும் எனக்கு அந்தக் கயிறு கண்முன் வந்தது.

நாடகத்து வள்ளியே எங்கள் ஊர்ப் பெண்களைப் போலத்தானே. வேடனாக வந்த முருகன் தர்க்கத்தில் அவள் வாய்க்கு ஈடுகொடுக்க முடியாமல் திண்டாடுவார். அப்புறம் கிழவனாக வந்து தினைமாவைத் தின்று விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்பார். சாமி சிரிப்புக்கு ஆளாகாமல் அவருக்குப் பெண் கிடைப்பதில்லை. இதே விக்கல் கலித்தொகையிலும் வருகிறது. குறிஞ்சிக்கலியில் கபிலர் பாடியதில், தண்ணீர் கேட்டு வந்தவன் கையைப் பிடித்துவிடுகிறான், அவள் அலறுகிறாள், தாய் ஓடி வந்ததும், ஒன்றுமில்லை, தண்ணீர் குடிக்கையில் விக்கிக்கொண்டான் என்று அவனைக் காப்பாற்றிவிடுகிறாள். தாய் அவன் முதுகைத் தடவிக்கொடுக்க, அவன் கடைக்கண்ணால் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான். அந்த நொடியில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு சிரிப்பு பிறக்கிறது.

எல்லாக் கேலியையும் நான் தூக்கிப்பிடிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று போகிற வருகிற பெண்ணைச் சீண்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி அப்படிப்பட்டவர்களால் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் அதற்கென்று சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அங்கே பெண் திருப்பிப் பேச இடமில்லை. எங்கள் கூடைக்குப் பக்கத்தில் பத்துப் பெண்கள் இருந்தார்கள். எல்லை மீறினால் முதல் செதில் அவன் முகத்தில்தான் வந்து விழும்.

அக்காள் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். வரன் பார்க்கும் இணையதளத்தில் ஒரு பையனைப் பார்த்து, இரண்டு வீட்டாருக்கும் பிடித்துப்போய், இருவரையும் ஒரு ஓட்டலில் பேசவிட்டிருக்கிறார்கள். அன்று ராத்திரி எனக்குப் போன் செய்தாள்.

“நல்லாத்தான் பேசுறாரு சித்தி. தமாஷாவும் பேசுறாரு. ஆனா என்னன்னு சொல்லத் தெரியல.”

“நீ சொன்னதுக்கு அவரு சிரிச்சாரா?”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “நான் எங்க சித்தி சொன்னேன்? அவரு சொன்னதுக்கெல்லாம் நான் சிரிச்சேன்.”

அவளுக்குச் சம்பளம் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, வேண்டாம் என்று சொல்கிற உரிமை இருக்கிறது. இதில் எதுவும் எங்களுக்கு இருந்ததில்லை. நாடகமும் மீன் கூடையும் மதினிமார் கூட்டமும் மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. காரலும் புதுச்சட்டையுமான கதையை அவளுக்குச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி பார்க்கப் போகிறாளாம்.

“இந்தத் தடவை நீ முதல்ல ஒண்ணு சொல்லு” என்றேன்.

“என்ன சித்தி சொல்ல?”

“அவரு போட்டிருக்கிற சட்டையில இருந்து ஆரம்பி.”