எட்டு லிட்டர் கணக்கு

ஜூன் 18

முதலாளி நேராகக் கேட்கவில்லை. பங்க் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, பன்னெண்டு குடுத்த வண்டி இப்ப ஒன்பதத் தாண்ட மாட்டேங்குதே?" என்றார். கேள்வி வண்டியைப் பற்றி; பார்வை என் மேல். பிக்கப்பில் மைலேஜ் விழுந்தால் முதல் சந்தேகம் டிரைவர் மேல்தான். டியூப் போட்டு உறிஞ்சி விற்கிறவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள்; கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. ஒட்டன்சத்திரத்தில் காய் ஏற்றிப் பாலக்காட்டில் இறக்கித் திரும்பினால் கூடக் குறைய 280 கிலோமீட்டர். பன்னிரண்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே நடைக்கு எட்டு லிட்டர் போகிறது. எங்கே போகிறது என்று காட்டியாக வேண்டும்.

ஜூன் 19

முதலில் அளவு. டேங்க்கை ஃபுல் செய்து, ஆட்டோ கட் ஆனதும் நிறுத்தி, மீட்டரைக் குறித்துக்கொண்டேன். திரும்பி வந்து அதே பங்க், அதே பம்ப், மறுபடி ஆட்டோ கட். ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்குமாகப் போட்டு ஓட்டினால் இந்தக் கணக்கு நிற்காது. டயர் சைஸ் மாறியிருந்தால் மீட்டரே தப்பாகக் காட்டும். வழிநெடுகக் கிலோமீட்டர் கல்லோடு ஒத்துப் பார்த்தேன், சரியாகத்தான் ஓடுகிறது. டேங்க்கிலும் லைனிலும் கசிவு இல்லை.

"சும்மா ஊர் பாக்கலாம்னு" முதலாளியின் மச்சான் கூடவே வந்தார். வந்தது நல்லதாயிற்று. அவர் கண் முன்னாலேயே ஒன்பதுதான் வந்தது.

ஜூன் 21

உடுமலை தாண்டியதும் காற்று. ஆனி பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வந்து முகத்தில் அறையும். இந்தப் பக்கம் இத்தனை காற்றாலை நிற்பதே அதை நம்பித்தான். வண்டி 60-ல் போக, எதிர்க்காற்று 30-ல் வந்தால், வண்டிமேல் மோதுவது 90. காற்றின் தடை வேகத்தின் இருமடியில் ஏறும் என்பதால் அது இரண்டே கால் மடங்காகிவிடும். இதில் தக்காளிப் பெட்டியைக் கேபினுக்கு மேலே அடுக்கித் தார்ப்பாயைத் தொளதொளவென்று கட்டினால், டீசல் அந்தத் தார்ப்பாய்க்கே சரியாகிவிடும். ஒரு அடுக்கைக் குறைத்துப் பெட்டிகளைப் பரப்பி அடுக்கி, கயிற்றை இழுத்துக் கட்டினேன். கொஞ்சம் தேறியது. ஆனால் போன ஆனியிலும் இதே காற்றுதான் அடித்தது, அப்போது பன்னிரண்டுக்குப் பக்கத்தில் கொடுத்தது. எட்டு லிட்டரையும் காற்றின் தலையில் கட்ட முடியாது.

ஜூன் 23

பட்டறை அண்ணன் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "நாசில் போச்சு மாப்ள, நாலையும் மாத்திரு" என்றார். அது பெரிய செலவு. மாற்றுமுன் நாசிலிலிருந்து திரும்பி வரும் டீசலை, அதாவது ரிட்டர்னை, பார்த்துவிடலாம் என்றேன். நாலு நாசிலின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, நாலு பாட்டிலில் விட்டு, இன்ஜினை ஓட்டினோம். தேய்ந்துபோன நாசில் இருந்தால் அதன் பாட்டில் மட்டும் சீக்கிரம் நிறையும். நிறுத்திவிட்டு வரிசையாக வைத்துப் பார்த்தால் நாலும் ஒரே மட்டம். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு ஏர் ஃபில்டரைக் கழற்றினார். புழுதி அப்பியிருந்தது, புதிது போட்டோம். கரும்புகை குறைந்தது, மைலேஜ் பெரிதாக ஏறவில்லை.

ஜூன் 25

பழனி ரோட்டில் இறக்கத்தில்கூட வண்டி தயங்குகிற மாதிரி இருந்தது. பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவந்து ஓரங்கட்டி, நாலு வீலின் மேலும் தண்ணீர் தெளித்தேன். மூன்றில் வழிந்து ஓடியது. இடது பின் டிரம்மில் "சுர்" என்று ஆவியாகிவிட்டது.

பட்டறையில் ஜாக்கி போட்டுக் கையால் சுற்றினால், வலது பக்கம் ஒரு சுற்றுக்கு மேல் ஓடுகிறது, இடது பக்கம் கால் சுற்றில் நிற்கிறது. ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்தியதும் லேசாகிவிட்டது. உறைக்குள்ளே துருப்பிடித்துக் கேபிள் திரும்பவேயில்லை. ஹேண்ட்பிரேக்கை இறக்கினாலும் ஷூ டிரம்மை விடவில்லை. இத்தனை நாள் ஒரு காலை இழுத்துக்கொண்டே பாலக்காடு போய் வந்திருக்கிறது வண்டி. கேபிளும் ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் மாற்றினோம். அடுத்த நடையில் பத்தரை.

ஜூன் 28

இன்னும் ஒன்றரை பாக்கி. விடிகாலையில் காலி வண்டியாகத் திரும்பும்போது டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வரவேயில்லை. ஹீட் ஆனால்தான் நாம் பயப்படுவோம். சூடே ஆகாவிட்டால் "வண்டி கூலா ஓடுது" என்று சந்தோஷப்படுவோம். ஆறின வண்டியை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தேன். தெர்மோஸ்டாட் வால்வு இருந்தால் ஹோஸ் கொஞ்ச நேரம் குளிர்ந்தே கிடக்கும், திறந்ததும் சட்டென்று சுடும். இதில் ஆரம்பத்திலிருந்தே வெதுவெதுப்பு ஏறியது.

திறந்தால் வால்வே இல்லை. இந்தக் கோடையில் வழியில் ஹீட் ஆனபோது வேறொரு பட்டறையில் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் எண்பது டிகிரிக்கு மேல் ஏறாதவரை, வண்டி இப்போதுதான் ஸ்டார்ட் ஆனது என்று எண்ணி இன்ஜினின் கம்ப்யூட்டரான இசிஎம் டீசலைக் கூடுதலாக விடும்; ஆயிலும் கெட்டியாகவே ஓடும். சில நூறு ரூபாய் வால்வை எடுத்துவிட்டு, இத்தனை நாளும் டீசலில் கட்டியிருக்கிறோம்.

ஜூலை 4

புது வால்வு போட்ட பிறகு, அதே பங்க், அதே பம்ப். பதினொன்றே முக்கால். ஆடி முடிந்து காற்று அடங்கினால் மிச்சமும் வந்துவிடும். ஒவ்வொன்றாக மாற்றி, மாற்றிய பிறகு அளந்ததால்தான் எது எவ்வளவு குடித்தது என்று சொல்ல முடிந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் நாசில்தான் காரணம் என்று இன்றைக்கும் நம்பியிருப்போம்.

நோட்டை முதலாளியிடம் கொடுத்தேன். மற்ற வண்டிகளுக்கும் இப்படி நோட்டுப் போடச் சொல்லி மச்சானிடம் சொன்னார். "நடைக்கு எட்டு லிட்டர்னா, எனக்குத் தர்ற பேட்டாவ விட அதிகம் முதலாளி" என்றேன். சிரித்தார்; பேட்டாவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் மறுபடி கேட்பேன். நோட்டின் நகல் என்னிடம் இருக்கிறது.