இரண்டாவது உறை

அந்த வட்டாட்சியர் என் அறைக்கு வந்தபோது கையில் இரண்டு உறைகள். ஒன்றில், பட்டா மாறுதலுக்குக் கை நீட்டித்தான் சொந்தக் கடனை அடைக்கிறார் என்று ஊரெல்லாம் விநியோகித்த துண்டறிக்கை. இன்னொன்றை மடியை விட்டு இறக்கவே இல்லை. கேட்டேன். "அது வீட்டு விஷயம் சார், கேஸுக்கு வேண்டாம்."

இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம். அவதூறுக்கு 499, 500 பிரிவுகள். அரசு ஊழியர் என்பதால், அரசின் அனுமதியோடு அரசு வழக்கறிஞர் மூலம் செஷன்ஸ் கோர்ட்டுக்கே போகலாம். ஆனால் அனுமதி கேட்டால் கோப்பு நகரும், கடன் கதை மேலிடத்துக்குத் தெரியும். அந்தப் பயத்தில் மாஜிஸ்திரேட் முன் தனிப் புகாரே போதும் என்றார். நஷ்ட ஈடு கேட்கும் யோசனையை நானே தள்ளினேன். பதவிப் பணி பற்றி எழுதியதற்கு நஷ்ட ஈடு வேண்டுமானால், எழுதியது பொய் என்று காட்டினால் மட்டும் போதாது. உண்மையைச் சட்டை செய்யாமல் எழுதியதாகவும் காட்ட வேண்டும். 1994-இல் ஆட்டோ சங்கர் சுயசரிதை வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. போதாததற்கு, கோர்ட் கட்டணம் கட்டும் நிலையிலும் அவர் இல்லை.

குறுக்கு விசாரணைக்கு முந்தைய இரவு, உறையைப் பிரிக்காவிட்டால் வக்காலத்தைத் திருப்பித் தருவேன் என்றேன். கொஞ்சம் முரட்டுத்தனம்தான். உள்ளே தம்பிக்காகக் கையெழுத்துப் போட்ட புரோநோட்டின் நகல், வட்டி கட்டிக் கட்டி மாற்றி வைத்த அடகுச் சீட்டுகள், கடைசியாக மனைவியின் தாலிச் சங்கிலிக்கு வந்த ஏல நோட்டீஸ். தேதிகளைப் பார்த்தேன். லஞ்சம் குவிந்ததாகத் துண்டறிக்கை சொன்ன அதே மாதங்கள்.

மறுநாள் எதிர்த்தரப்பு வக்கீல் எதிர்பார்த்தபடியே ஆரம்பித்தார். "உங்களுக்குக் கடன் உண்டா?" கடன்தான் லஞ்சத்துக்குக் காரணம் என்பது அவர் கணக்கு. "உண்டு" என்றார் என் கட்சிக்காரர், தலை குனியாமல். மறு விசாரணையில் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் குறியீடு செய்தேன். கடன்காரன் லஞ்சம் வாங்க மாட்டான் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை; என் வாதத்தின் ஓட்டை எனக்கே தெரியும். ஆனால் மாஜிஸ்திரேட் அந்த ஏல நோட்டீஸை இரண்டு முறை வாசித்தார்.

துண்டறிக்கை போட்டவருக்கு அபராதம் விழுந்தது. மூன்று மாதம் கழித்து வட்டாட்சியர் மறுபடி வந்தார், கையில் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17-ஏ குறிப்பாணை. அரசு ஊழியர் ஓயாத கடனாளியாக இருக்கக் கூடாது என்பது நடத்தை விதி. ஆதாரமாகத் தீர்ப்பு நகலைச் சேர்த்திருந்தார்கள். நான் குறியீடு செய்த சீட்டுகள் எல்லாம் வரிசை எண் மாறாமல் அதில் இருந்தன.

"இதுக்கும் நீங்கதான் பதில் எழுதணும் சார்" என்றார்.