கம்பும் கம்பியும்

தமிழ் பயிலும் மாணவன் மின்சாரத்தைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைவிக்கலாம். பௌதிக வகுப்பு நண்பர்கள், 'எம் எல்லைக்குள் நுழைந்தது ஏனோ?' என வினவவும் கூடும். ஆயினும், பொருள்களுக்கு இட்ட பெயர்கள் எவ்வளவு பொருந்துவன என ஆராய்தல் மொழி பயில்வார்க்கும் உரிய தொழிலே. ஒரு பெயரை அரைகுறையாக உணர்ந்தமையால் ஓருயிர் போகும் நிலை எய்தியதை யான் நேரிற் கண்டவன். ஆதலின் இதனை எழுதத் துணிந்தேன்.

யான் பள்ளியிறுதி வகுப்பிற் பயின்ற ஆண்டு, ஐப்பசித் திங்களில் ஒருநாள், விடியலிற் பெய்த மழை சற்றே ஓய்ந்திருந்தது. எங்கள் ஆச்சி, முற்றத்தில் இரும்புக் கம்பியாற் கட்டிய கொடியில் துணி உலர்த்தச் சென்றார். கூரையோரம் செல்லும் மின்கம்பியின் உறை தேய்ந்து, அக்கொடியைத் தொட்டுக்கொண்டிருந்ததை எவரும் அறியோம். அலறல் கேட்டு ஓடினேன். ஆச்சியின் கை கொடியை இறுகப் பற்றியிருந்தது; அவரால் விடுவிக்க இயலவில்லை. 'வெறுங்கையால் தொடலாகாது, மரம் மின்சாரத்தைக் கடத்தாது' என வகுப்பிற் படித்தது நினைவிற்கு வந்தது. சுவரோரம் கிடந்த மூங்கிற் கம்பை எடுத்து அவர் கையைத் தள்ளினேன். அக்கணமே என் தோள்வரை அதிர்ந்தது. கம்பு ஒருபுறம் வீழ, யான் ஒருபுறம் வீழ்ந்தேன். அதற்குள் என் தங்கை வீட்டினுள் ஓடி மெயின் சுவிட்சை அணைத்தமையால் ஆச்சி உயிர் பிழைத்தார். அவருடைய வலக்கை விரல்கள் இரண்டு இன்றும் மடங்குவதில்லை.

என் தந்தையார் வயர்மேன் தொழில் செய்பவர். மாலையில் வந்ததும் அம்மூங்கிலைக் கையால் தடவிப் பார்த்தார். இரவு முழுதும் மழையிற் கிடந்து ஊறிய கம்பு அது. "நனைந்த கம்பும் கம்பிதான், தம்பி" என்றார். சினந்து கூறினாரல்லர். அவ்வொரு சொல்லே பின்னர் என்னை நூலகத்தின் அறிவியற் பகுதிக்கு ஈர்த்துச் சென்றது.

மின்சாரத்தைச் சில பொருள்கள் கடத்தும், சில கடத்தா என்னும் வேறுபாட்டை 1729ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீபன் கிரே என்பார் தெளிவாகக் கண்டார். சாயத் தொழில் செய்து வாழ்ந்தவர் அவர். தேய்த்து மின்னேற்றிய கண்ணாடிக் குழாயினின்று நீண்ட சணல் நூல் வழியே மின்னைச் செலுத்தி, அந்நூலைப் பட்டு நூல்களால் தொங்கவிட்டார். மின் மறுமுனையை அடைந்தது. ஒருமுறை பட்டு நூல் அறவே, அதற்கீடாக மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டினார். மின் அக்கம்பி வழியே கசிந்து போயிற்று. மெல்லியதாய் இருத்தல் காரணமன்று, பொருளின் தன்மையே காரணம் என்பது அன்று புலனாயிற்று. இதில் வியத்தற்குரியது ஒன்றுண்டு. உலர்ந்த சணல் நற்கடத்தி அன்று. காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருந்தமையாலேயே அவருடைய நூல் கடத்திற்று. எங்கள் மூங்கிலின் கதையும் அதுவே. தூய நீர் மின்சாரத்தை மிக அரிதாகவே கடத்தும். அழுக்கும் உப்பும் கரைந்த நீரோ வழிவிடும்.

கடத்திக்கும் கடத்தாப் பொருளுக்கும் உள்ள வேறுபாடு எலக்ட்ரான்களின் உரிமையைப் பொறுத்தது. செம்பில் அணு ஒன்றுக்கு ஏறத்தாழ ஓர் எலக்ட்ரான் எவ்வணுவுக்கும் கட்டுப்படாது உலவுகின்றது. கண்ணாடியிலும் ரப்பரிலும் அவை தத்தம் இடத்தே பிணிப்புண்டு கிடக்கின்றன. கண்ணாடி மின்னோட்டத்தைத் தடுக்கும் ஆற்றல், செம்பினதைவிட, ஒன்றன்பின் 18 சுழிகள் இட்ட எண்ணினும் குறையாத மடங்கு மிகுதி. கடத்தாப் பொருளுக்கு ஆங்கிலத்தார் இட்ட பெயர், தீவு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. அழகிய பெயரே, ஆயின் வெள்ளம் மிகுந்தால் தீவும் மூழ்கும் அன்றோ? உருகிய கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தும். கடத்தாதெனப்படும் காற்றும் மின்னலுக்கு வழிவிடும்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது குறைகடத்தி. உலோகங்கள் சூடேறினால் கடத்தும் திறன் குறைவது இயல்பு. 1833ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே வெள்ளி சல்பைடைச் சூடேற்றியபோது அது முன்னினும் நன்கு கடத்தக் கண்டார். வெப்பமோ ஒளியோ பட்டவுடன், பிணிப்புண்ட எலக்ட்ரான்களிற் சில விடுபடுதலே இதற்குக் காரணம். சிலிக்கன் என்னும் பொருளில் ஐந்து கோடி அணுக்களுக்கு ஒன்றாகப் பாஸ்பரஸ் அணுவைக் கலந்தாலும், அது கடத்தும் திறன் பல்லாயிரம் மடங்கு உயர்கின்றது. 1947ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வகத்தில் பார்டீன், பிராட்டன் என்போர் ஜெர்மானியத்தைக் கொண்டு முதல் டிரான்சிஸ்டரை இயக்கினர். இன்று நம் சட்டைப் பையிலுள்ள தொலைபேசி அதன் வழித்தோன்றலே.

இத்தகைய பொருளுக்குக் 'குறைகடத்தி' என்னும் பெயர் போதுமா? வல்லினம், மெல்லினம் என வகுத்த நம் இலக்கணத்தார் இவற்றின் நடுநின்ற எழுத்துக்களை இடையினம் என்றனரேயன்றிக் குறையினம் என்றாரல்லர். நிலைக்கேற்ப மாறுதலே இப்பொருளின் பெருமை. மாறும் என்பதை அறிந்து, அம்மாற்றத்தை நம் வயப்படுத்தியதால் அது நமக்குத் துணையாயிற்று. மூங்கிலும் மாறும் என்பதை அறியாமையால் அது எனக்குப் பகையாயிற்று.

பொருள்களை மூவகையாக்கியது பிழையன்று. எந்நிலையில் அப்பெயர் பொருந்தும் என்பதை விடுத்துப் பெயரை மட்டும் நெட்டுருச் செய்தது என் பிழை. நண்பர்காள்! மின்சாரம் தாக்கியவரைக் கண்டால் முதலில் ஓடவேண்டியது மெயின் சுவிட்சை நோக்கியே. அதனை எனக்குக் கற்பித்தவள் அன்று ஏழாம் வகுப்பிற் பயின்ற என் தங்கை.

இப்பொழுது எங்கள் முற்றத்தில் நைலான் கயிறே கொடி. ஆச்சி இன்றும் அதிலேதான் துணி உலர்த்துகிறார். மழை பெய்த நாளில் மட்டும் அதனருகே செல்வதில்லை.