கச்சான் ஓய்வதற்குள்

ஞாயிறு

யாழ்ப்பாணம் வரை சைக்கிளில் போவது, கடல் எப்போதும் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தாயிற்று. ஆனால் பள்ளிவாசல்துறையிலிருந்து வடக்கே போக முதலில் தெற்கே மிதிக்க வேண்டும். கற்பிட்டிக் குடாநாட்டுக்கு மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு. தரைவழியாக வெளியேற பாலாவிச் சந்திதான் வாசல். அதுவரை கடல் வலக்கைப் பக்கம்!

செவ்வாய்

நுரைச்சோலை வரை ஓடிப் பார்த்தேன். மே முதல் செப்டெம்பர் வரை இங்கே தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். கைட் சேர்ஃபிங் செய்ய வெள்ளைக்காரர் கற்பிட்டிக்கு வருவதும் அதற்காகத்தான். எனக்கோ போகும்போது எதிர்க்காற்று. மாம்புரிக் காற்றாலைகள் அத்தனையும் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றன. வெயில் ஏற ஏற வேகம் கூடியது. விடியுமுன் புறப்பட்டு, காற்று எழும்புமுன் பாலாவியைப் பிடித்துவிட வேண்டும்.

புதன்

சைக்கிள் கடை. நானா செயினை விரலால் தடவி, செம்மண் நிறத் துருவை என் கண்முன் காட்டினார். "உப்புக் காத்து தம்பி, ராவோட ராவா தின்னுடும்." மெல்லிய ரேஸ் டயர் வேண்டாமாம். 28 அங்குல டயர், டியூப் என்றால் எந்த ஊர்ச் சந்தியிலும் கிடைக்கும்.

வழி கேட்டேன். சிரித்தார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது மன்னார்த் தீவிலிருந்து பலர் கற்பிட்டியில் வந்திறங்கியது படகில். அவரும் அப்படி வந்த பிள்ளைகளில் ஒருவர். "நாங்க வந்த வழியில சைக்கிள் ஓடாது."

வியாழன்

கரை வழி எலுவன்குளத்தோடு முடிகிறது. கலா ஓயாவின் மேல் தாழ்ந்த சப்பாத்துப் பாலம், மழை பெய்தால் வெள்ளம் அதன் மேலேயே ஓடும். அதற்கப்பால் மோதரகம் ஆறு வரை வில்பத்து, 1938 முதல் தேசிய வனம். யானையும் சிறுத்தையும் உலவும் இடத்தில் வாகனத்தை விட்டு இறங்கவே கூடாது, சைக்கிளை யார் விடப்போகிறார்கள்? மன்னார் போகும் பழைய வீதி அதற்குள்தான் கிடக்கிறது. அந்த வெளியேற்றத்துக்குப் பிறகு ஊர் திரும்பிய, வனத்துக்கு அப்பாலுள்ள முசலி மக்கள் அதைத் திறக்கக் கேட்கிறார்கள், சுற்றாடல்காரர்கள் வழக்குப் போட்டார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனால் புத்தளத்துக்கும் முசலிக்கும் நடுவே பிரிந்து வாழும் குடும்பங்களுக்கு ஒரு பஸ்ஸாவது ஓட வேண்டும் என்பது என் கட்சி.

ஆகவே கடலை விட்டுவிட்டு புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, மன்னார். புத்தளத்திலிருந்து அநுராதபுரம் ஏறத்தாழ 75 கிலோமீற்றர், வடகிழக்கு முகம், கச்சான் முதுகில் தள்ளும். மன்னாரிலிருந்து பூநகரி வரை மறுபடி கரை. 2011 இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் யாழ்ப்பாணத்தில் கொண்டுபோய் விடும்.

செப்டெம்பர் முடியுமுன் புறப்பாடு. மார்கழி, தையில் இந்தப் பாதையில் வர நினைப்பவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குங்கள், அப்போது வாடைக் காற்று உங்கள் பக்கம்.