சீதனமும் தேயிலையும்

வரலாற்றைப் போர்களின் கதையாகவே கற்றுப் பழகிய நமக்கு, அதிலே திருமணங்கள் பெற்ற இடம் எளிதிற் புலப்படுவதில்லை. ஐரோப்பிய அரச குடும்பங்களோ பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் நாடுகளை உறவாக்கின, துறைமுகங்களைக் கைமாற்றின. அவ்வாறு அனுப்பப்பட்ட பெண்களுள் ஒருத்தியின் வாழ்வு, அட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்திற் பிறந்து வளர்ந்த எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. அவள் போத்துக்கல் இளவரசி கத்தரீன்.

1638இல் பிறகன்சா குலத்திற் பிறந்த அவள், 1662இல் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சாள்ஸை மணந்தாள். பம்பாயும் வட ஆபிரிக்காவின் தாஞ்சியரும் அவளோடு சென்ற சீதனத்துள் அடங்கின. நம் தீவும் அப்பேரத்திலிருந்து தப்பவில்லை. 1658 அளவில் இலங்கைக் கரையோரத்தை ஒல்லாந்தரிடம் முற்றாக இழந்திருந்த போத்துக்கல், அதனை மீட்க நேருமாயின் காலித் துறைமுகத்தை ஆங்கிலேயருக்கு அளிப்பதாக 1661ஆம் ஆண்டுத் திருமண உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டது. கைவிட்டுப்போன நிலத்தையுங்கூட ஒரு பெண்ணின் திருமணத்தை முன்வைத்துப் பங்கிட முடிந்தது!

அவள் பெற்றது யாது? கணவனின் ஆசைநாயகியைத் தன் அந்தப்புரச் சீமாட்டியாக ஏற்குமாறு வற்புறுத்தப்பட்டாள். பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. கத்தோலிக்கராதலின் ஐயத்துக்கு உள்ளாகி, 1678இல் மன்னனை நஞ்சூட்ட முயன்றாள் என்ற பொய்ப்பழியையும் சுமந்தாள். தாய்நாட்டிற் பழகிய தேநீர் மட்டும் அவளைக் கைவிடவில்லை. லண்டன் கோப்பிக்கடைகளில் முன்னரே தேநீர் விற்கப்பட்டதாயினும், அரசவையிலும் சீமாட்டிகளிடையிலும் அதனை நாகரிகமாக்கிய பெருமை அவளைச் சாரும். ஒரு நாட்டின் சுவையை ஒருத்தியே மாற்றினாள் என்பது மிகை. எனினும் அச்சுவை பரவியிராவிடின், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட செடி இத்தனை மலைகளை மூடியிராது; எம் முன்னோரும் கடல் கடந்து இம்மலைகளை ஏறியிரார்.

இத்தகைய மணவுறவு ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. கண்டி மன்னர் மதுரையிலிருந்து தேவியரை வருவித்தனர். 1739இல் நரேந்திரசிங்கன் இறந்தபின், அவனுடைய மதுரைத் தேவியின் சகோதரனே ஸ்ரீ விஜயராஜசிங்கனாக முடிசூடினான். 1815இல் இறுதி மன்னன் சிறைப்பட்டபோது அவன் தேவியரும் சிறைப்பட்டனர். மறு ஆண்டு வேலூர்க் கோட்டைக்கு நாடுகடத்தப்பட்டனர். மன்னரின் பெயர்களை மனனஞ் செய்த நாம் அத்தேவியரின் பெயர்களைப் பாடநூலிற் கண்டோமில்லை.

இவற்றை வாசிக்கும்போதெல்லாம் என் நினைவு அப்பாயியின் தங்கையிடம் செல்கிறது. அவர் பிறந்தது இம்மலையில். வேறு மண்ணை மிதித்தறியாதவர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அவருடைய கணவருக்கு இந்தியக் கடவுச்சீட்டுக் கிடைத்தது. அட்டனிற் புகையிரதம் ஏறித் தலைமன்னாரிற் கப்பலேறிய அவர், நீலகிரியில் மீண்டும் கொழுந்துக்கூடையைத் தோளிலிட்டார். “போக விருப்பமா என்று அவளை ஒருத்தரும் கேட்கவில்லை” என்பார் அப்பாயி. சகோதரிகள் இருவரும் பின்னர் ஒருவரையொருவர் காணவேயில்லை. இந்தியா ஏற்பதாக இருநாட்டுப் பிரதமரும் உடன்பட்ட 525,000 பேர் என்ற எண்ணுள் அவரும் ஒருவராய் அடங்கிப்போனார்.

அரசியையும் கூலிப்பெண்ணையும் ஒரே தட்டில் நிறுத்தலாமா என்று கேட்பீர்கள். நிறுத்தல் இயலாதுதான். கத்தரீன் கைம்பெண்ணாகி, 1692இல் இங்கிலாந்தை விட்டுத் தாயகம் திரும்பினாள். 1705இல் இறப்பதற்கு முன் போத்துக்கலின் பதிலாளியாக இருந்து ஆட்சியும் நடத்தினாள். அவளுக்குத் திரும்பிச் செல்ல ஓர் அரண்மனை இருந்தது. சின்ன அப்பாயிக்கோ, விட்டுச் சென்ற லயத்து அறை மறுமாதமே வேறு குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது.

ஆயினும் இருவர் பயணத்தையும் முடிவுசெய்தவை பிறர் ஒப்பமிட்ட தாள்களே. உடன்படிக்கைகளைப் படிக்கையில் எந்தத் துறைமுகம் யாருக்குச் சென்றது என்பதோடு, எந்தப் பெண் எங்கே அனுப்பப்பட்டாள் என்பதையும் தேடிக் குறித்துவைத்தல் கலைப்பீட மாணவராகிய நம் கடன். அப்பாயி போன்றோர் நம்மிடையே இருக்கும்போதே அதனைத் தொடங்கவேண்டும்.