துரியோதனனுக்கு ஒரு நாள் லீவு

ராத்திரி பத்து மணிக்கு ஒரகடம் கூட்டு ரோட்டில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது மனிதர்கள் அல்ல, கம்பெனி பஸ்கள். ஒரு ஷிஃப்ட் தூங்கி வழிந்துகொண்டு இறங்க, இன்னொரு ஷிஃப்ட் டிபன் பாக்ஸும் கையுமாக ஏறுகிறது. எந்த கேட்டுக்கும் சொந்தமில்லாமல் நான் மட்டும் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன். நான் வந்த காரியம் வேறு. ஒரு சாவைப் பார்க்க வந்திருந்தேன்.

பதறாதீர்கள் ஸார். சாகப் போகிறவர் துரியோதன மகாராஜா!

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் என்றாலே நமக்கு கார்தான் ஞாபகம் வரும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ புறப்பட்டது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை வந்தது. நடுவில் 2006-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்த நோக்கியா 2014-ல் மூடப்பட்டது. ட்ராய் கோட்டையாவது முற்றுகையைப் பத்து வருஷம் தாங்கியது!

ஆனால் காருக்கு ரொம்ப முன்னாலேயே இங்கே தேர் ஓடியிருக்கிறது. படப்பைக்குப் பக்கத்தில் மணிமங்கலம் இருக்கிறதே, ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய புலிகேசியைத் தோற்கடித்த களங்களில் அதுவும் ஒன்று என்கிறது கூரம் செப்பேடு. காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10-ம் தேதி ஹைதர் அலி - திப்புவின் படை, கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை நொறுக்கியது. (அதுவும் கம்பெனிதான். ஈஸ்ட் இண்டியா கம்பெனி!) யுத்தம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. வருஷா வருஷம் கோடையில் ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்து, பதினெட்டு நாள் யுத்தத்தை இன்னும் நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

என்னை அழைத்தவன் ஒரு தம்பி. உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் லேபர். அவன் அப்பா இருபது வருஷம் துரியோதனன் கட்டியவர். முழங்கால் போனதும், கிரீடம் பையன் தலைக்கு வந்துவிட்டது.

"லீவு எப்படிப்பா குடுத்தாங்க?"

"சொந்தத்துல ஒரு சாவுன்னு சொல்லிக்கினேன்ணா."

"பொய்யா?"

"இன்னாண்ணா பொய்யி? காலைல நான்தானே சாவப் போறேன்!"

சிரித்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "இன்னொரு லீவு போட்டா அடுத்த காண்ட்ராக்டுல பேரு இருக்காது. அடுத்த வருஷம் வேஷம் கட்டுவேனான்னு தெரியல."

ஒரகடத்துக்கு மேற்கே ஒரு கிராமம். கோயில் திடலுக்கு ஒரு பக்கம் ஏரிக்கரை, இன்னொரு பக்கம் கம்பெனி காம்பவுண்ட் சுவர். கூத்து ஆரம்பிக்க நடுநிசியாகிவிட்டது. ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் சேர்ந்து ஒரு தூக்குத் தூக்க, திரைக்குப் பின்னாலிருந்து தம்பி வந்தான். அடேயப்பா! கூட்டு ரோட்டில் என்னோடு டீ குடித்த ஆசாமியா இது? கட்டையால் செய்த கிரீடம், புஜத்தில் கட்டைகள், நெஞ்சில் கண்ணாடி பதித்த பதக்கம். கிர்ரென்று ஒரு கிறுக்கி அடித்தான் பாருங்கள், முன்வரிசைக் குழந்தை ஒன்று வீலென்று அலறியது. இந்தக் கட்டைகளால்தான் காஞ்சிபுரம் பக்கம் இதைக் கட்டைக்கூத்து என்றும் சொல்கிறார்கள். இதற்காகவே 1990-ல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார்கள்.

கட்டியக்காரன் விடுவானா? "ராஜா, உன் தம்பிங்க தொண்ணூத்தி ஒம்போது பேரும் பெர்மனென்ட்டா, காண்ட்ராக்ட்டா?" என்று கேட்டானே, திடலே அதிர்ந்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் கழுத்தில் கம்பெனி ஐ.டி. கார்டு.

எனக்குப் பக்கத்தில் ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன், ஷிஃப்ட் முடிந்து நேராக வந்து நின்றிருந்தான். தமிழ் சுத்தமாகத் தெரியாது. மேடையைக் காட்டி, "துர்யோதன்?" என்றான். தலையாட்டினேன். அதற்கப்புறம் அவனுக்கு என் தயவு தேவைப்படவில்லை. இங்கே வில்லிபுத்தூரார் பாரதம் பாடினார். பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கே சாரளா தாசர் ஒடியாவில் பாடினார். ஷிஃப்ட்தான் வேறு, கம்பெனி ஒன்றுதான்!

நான் பி.காம். எனக்குப் பாடம் காஸ்ட் அக்கவுண்டிங், ஹோமர் அல்ல. 'இலியட்' எனக்குக் கிடைத்தது திருவல்லிக்கேணி பிளாட்பாரத்தில், அட்டை இல்லாமல். மொத்தம் 24 காண்டம், சுமார் 15,700 அடி. மரக்குதிரை எப்போது வரும் என்று கடைசிப் பக்கம் வரை தேடினேன். அதில் குதிரையே கிடையாது! பத்து வருஷப் போரில் சுமார் ஐம்பது நாள் கதைதான் அது.

ஹோமர் பாட்டெல்லாம் எப்படித்தான் பிறந்தது என்று பார்க்க 1930-களில் மில்மன் பாரி என்ற அமெரிக்கப் பேராசிரியர் ரிகார்டிங் மெஷினோடு யூகோஸ்லாவியாவுக்குப் போனார். அங்கே காப்பிக் கடைகளில் ரம்ஜான் இரவுகளில் விடிய விடிய வீரகதை பாடுகிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் வரிக்கு வரி மனப்பாடம் செய்து ஒப்பிக்கவில்லை. தயாரான சொற்றொடர்களைக் கையில் வைத்துக்கொண்டு பாடும்போதே கதையைக் கட்டினார்கள். அதாவது உதிரி பாகம் ரெடி, அசெம்பிளி மட்டும் சபையில்! ஒரகடத்துக்காரனுக்கு இதைப் புரியவைக்கப் பேராசிரியர் வேண்டுமா என்ன?

பொழுது விடிந்தது. படுகளம்.

திடலில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். ஒரு பஸ்ஸைவிட நீளம். கலர் பூசிய முகம், முறுக்கு மீசை. அந்த மண் உடம்பின் மேல் ஏறி நின்று பீமனும் தம்பியும் கதையைச் சுழற்றினார்கள். கதாயுத்தத்தில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் ஓரமாக நின்ற கிருஷ்ண வேஷக்காரர் சத்தமில்லாமல் தன் தொடையைத் தட்டிக் காட்டினார். பீமன் புரிந்துகொண்டான்.

கிரேக்க தெய்வங்களும் இதே ரகம்தான் ஸார். அகிலீஸ், ஹெக்டர் இருவரின் விதியையும் ஜீயஸ் பொன் தராசில் வைத்துத் தூக்க, ஹெக்டரின் தட்டு தாழ்ந்துவிடுகிறது. பாலன்ஸ் ஷீட் முடிந்தது. அத்தோடு விட்டார்களா? அதீனா, ஹெக்டரின் தம்பி உருவத்தில் வந்து, 'நானும் கூட இருக்கிறேன் அண்ணா' என்கிறாள். அவன் நம்பி நின்று, எறிந்த ஈட்டிக்கு பதில் இன்னொன்று கேட்டுத் திரும்பிப் பார்த்தால்... யாருமில்லை! அங்கேதான் ஹெக்டருக்குத் தெரிகிறது, சாவு வந்துவிட்டது என்று.

கதை தொடையில் இறங்கியது. மண் தொடைக்குள் வைத்திருந்த சிவப்பு பொங்கியது. திரௌபதி வேஷக்காரர் அதைத் தொட்டுத் தலையில் தடவி, இத்தனை நாள் விரித்திருந்த கூந்தலை முடிந்தார். கூட்டம் "கோவிந்தா!" என்றது.

நான் எதிர்பாராதது அதற்கப்புறம்தான். காந்தாரி ஒப்பாரி வைக்க, ஊர்ப் பெண்களும் சேர்ந்து அழ ஆரம்பித்தார்கள். ராத்திரியெல்லாம் "நாசமாப் போவான்" என்று துரியோதனனைத் திட்டிக்கொண்டிருந்த அதே கிழவிகள்! இலியடும் இப்படித்தான் முடிகிறது. மகனைக் கொன்றவனிடமே கிழ ராஜா ப்ரையம் ராத்திரியில் போய், அந்தக் கையை முத்தமிட்டுப் பிணத்தைக் கேட்கிறான். இரண்டு பேரும் சேர்ந்து அழுகிறார்கள். கிரேக்கர்கள் பாடிய காவியம் எதிரி ஹெக்டரின் ஈமச்சடங்கோடு நிற்கிறது. ஜெயித்தவனைக் கொண்டாடத்தானே யுத்தக் கதை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டையை அடைத்தது.

கூட்டத்தை விட்டு வெளியே வந்தேன். வேப்ப மரத்தடியில் களத்துக்கு முதுகைக் காட்டியபடி ஓர் அம்மாள். தம்பியின் தாயார். இருபது வருஷம் புருஷன் சாவதையும் பார்த்ததில்லையாம். மகன் சாவதையும் பார்க்கமாட்டாராம்.

"முடிஞ்சிதா தம்பி?"

"முடிஞ்சுதும்மா."

"அவன எழுப்பி அனுப்புப்பா. சுடுதண்ணி போட்டு வெச்சிருக்கேன். அரிதாரத்தோட அப்படியே படுத்துக்கப் போறான்."

எனக்குச் சுரீரென்றது. ஹெக்டரின் மனைவி ஆண்ட்ரமகியும் அன்றைக்கு வெந்நீர் போடச் சொல்லியிருந்தாள், சண்டை முடிந்து வருகிறவன் குளிக்க. அவன் செத்தது அவளுக்குத் தெரியாது. அங்கே அந்த வெந்நீருக்கு ஆள் வரவில்லை. இங்கே, கோயில் மறைவிலிருந்து கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "அம்மா, பசிக்குது" என்று வந்தான்.

சாயந்திரம் தீமிதியையும் பார்த்துவிட்டு அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே படுத்தேன். மறுநாள் விடியற்காலை நாலரைக்கு கூட்டு ரோடு வரை கூடவே வந்தான். நீல யூனிஃபார்ம், தோளில் பை. எவ்வளவு தேய்த்தும் காது மடல் பின்னால் கொஞ்சம் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"யாருப்பா செத்ததுன்னு சூப்பர்வைசர் கேட்டா?"

"பெரியப்பா புள்ளைன்னு சொல்வேன். பாண்டவங்க சைடுலேருந்து பார்த்தா கரெக்ட்டுதானேண்ணா?"

பஸ் வந்தது. ஏறிக்கொண்டான்.